தாமசு ஆசாரி மேல் போட்ட பழி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

போன வாரம் ஊரிலிருந்து உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்ததே, அதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் என் பெயர், உன் அம்மா பெயர், ஜொகூர், யோங் பெங் தோட்டம் என்று ஏதோ ஜமீன் குடும்பம் மாதிரி நாலு வரி. பெண் பக்கத்தில் ‘அஞ்சலை அம்மாள் மகள் பாக்கியம்’ என்பதோடு சரி. தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. உன் அத்தை அஞ்சலை ஒரு துண்டுக் காகிதமும் கூட வைத்து அனுப்பியிருந்தாள். ‘பெண்ணின் தகப்பன் பெயர் பத்திரிகையிலும் வேண்டாம், மணவறையிலும் யார் வாயிலும் வரவேண்டாம், இது ஒன்றுதான் நான் கேட்கிற வரம்’ என்று அதில் இருந்தது. “ஏம்ப்பா, மாமா பேர் இல்லாம எப்படி?” என்று நீ கேட்டாய். நான், “அச்சுக்கூலி மிச்சம்டா” என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அச்சுக்கூலிக் கதையை விட்டுவிட்டு உண்மையைச் சொல்லத்தான், நீ கல்யாணத்துக்கு ஊருக்குக் கப்பல் ஏறும்போது கையில் கொடுக்க இதை எழுதுகிறேன். உன் மாமன் கோவிந்தன் தன் பெண்டாட்டி பிள்ளையைக் கைவிட்டு ஓடினவன் இல்லை. அவன் பெயரைக் கெடுத்தவன் நான்.

எனக்கு எழுத்து எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். கங்காணி வீட்டுப் பின்பக்கத்தில் இரண்டு வருஷம் படித்தேன், அதிலும் பாதி நாள் வாத்தியாரின் மாட்டைக் குளிப்பாட்டினேன். ஒற்றும் கொம்பும் தப்பிப் போயிருந்தால் நீ சரிபண்ணிப் படித்துக்கொள். தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் என்னைச் சிரிப்புக்காரன் என்பார்கள். சாவு வீட்டுக்குப் போனாலும் என் பக்கத்தில் உட்காரப் பயப்படுவார்கள், சிரிப்பு வந்துவிடுமாம். எனக்கும் அதில் ஒரு பெருமைதான். இந்தப் பெருமைதான் ஒரு மனுசனைக் கொன்றது. படிக்கிற உனக்கு இது பெரிய வார்த்தையாகத் தெரியும். கடைசிவரைக்கும் படித்துவிட்டு, பெரிய வார்த்தையா சின்ன வார்த்தையா என்று நீயே சொல்.

கோவிந்தன் உன் அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மச்சான். மச்சானுக்கு மச்சான் செய்கிற கேலியை யாரும் கேட்க முடியாது, அது நம்ம சனத்தில் கொடுத்து வைத்த உரிமை. என் கல்யாணத்தன்று வெற்றிலைக்குள் காய்ந்த மிளகாயை வைத்து மடித்துக் கொடுத்து, நான் கண்ணீர் விட்டதைப் பார்த்து, “தங்கச்சியைக் கட்டுறதுக்கு இப்பவே அழுவுறாரு பாருங்க” என்றவன் அவன். நான் அவன் வேட்டியை ஆற்றில் விட்டிருக்கிறேன். அவன் என் வண்டி மாட்டுக்குச் சுண்ணாம்பால் மூக்குக் கண்ணாடி வரைந்திருக்கிறான். இருபது வருஷம் இப்படியே ஓடியது. ஒருவன் மேல் ஒருவன் உயிர். அதை வாயால் சொல்ல வெட்கம், அதனால் கேலியாகச் சொல்லிக்கொண்டோம்.

அவனிடம் ஒரு வெள்ளிக் கடிகாரம் இருந்ததே, அது பழைய துரை கொடுத்தது. கோவிந்தனுக்குப் புகைக்கூடத்தில் வேலை. ரப்பர் பால் உறைந்த கித்தாத் தகடுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற இடம் அது. நெருப்பு கூடினாலும் குறைந்தாலும் தகடு கெட்டுப்போகும், மணி பார்த்து விறகு தள்ளவேண்டும். ஐந்து வருஷத்தில் ஒரு தகடைக்கூட அவன் கருக விடவில்லை. துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பாட்டன் காலத்துக் கடிகாரத்தை அவன் கையில் வைத்துவிட்டுப் போனார். உள்ளங்கை நிறையும், ஒரு சின்ன வெங்காயம் மாதிரி உப்பலாக இருக்கும். இந்தக் காலத்துக் கடிகாரம் மாதிரி தலையைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. தனியாக ஒரு பொடிச் சாவி உண்டு. பின்மூடியைத் திறந்து அதில் சாவி கொடுக்கவேண்டும். முள்ளைத் திருப்புவதற்கும் அதே சாவிதான், முன்பக்கத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நடுவில் பொருத்தித் திருப்பவேண்டும். அந்தச் சாவியை அஞ்சலை தன் தாலிக் கயிற்றில் ஊக்கோடு சேர்த்து மாட்டியிருப்பாள். காலையில் அவன் குனிந்து நிற்பான், அவள் கழுத்தில் தொங்கும் சாவியாலேயே அதற்கு உயிர் கொடுப்பாள். “புருசனுக்கே சாவி குடுக்குறியா தங்கச்சி, இறுக்கித் திருகு, சாயங்காலம் நின்னுடப் போறான்” என்பேன். அவள் முகம் சிவந்து, “போங்கண்ணே” என்பாள்.

மூடிக்குள் அதைச் செய்தவன் பெயரும், இருநூற்றுப் பதினேழு என்று ஒரு எண்ணும் வெட்டியிருக்கும். அந்தப் பெயர் நம் வாய்க்குள் நுழையாது. முதல் பாதி தாமஸ். வெள்ளியைத் தட்டிச் செய்கிறவன் என்பதால் நம்ம ஆட்கள் அவனைத் தாமசு ஆசாரி ஆக்கிவிட்டார்கள். துரை அவன் கதையை ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் இங்கிலீசில் சொல்ல, கிராணி கோவிந்தனிடம் தமிழில் சொல்ல, கோவிந்தன் அதைத் தோட்டம் முழுக்கச் சொன்னான். ஆசாரி ஒரு மலையடிவாரத்து ஊர்க்காரனாம், கொல்லன் மகனாம். குதிரைக்கு லாடம் அடித்த கையால் கோயில் மணிக்கூண்டைச் சரிபண்ணப் போய், அப்படியே கடிகார வேலையில் இறங்கினானாம். செய்து முடித்த கடிகாரத்தை நாற்பது நாள் மணிக்கூண்டோடு ஓடவிட்டு, ஒத்துப் போனால்தான் வெளியே கொடுப்பானாம். ஒருமுறை விற்ற கடிகாரம் இரண்டு நிமிஷம் பிந்துகிறது என்று கேள்விப்பட்டு, பனியில் மூன்று நாள் நடந்துபோய்ச் சரிபண்ணிவிட்டு வந்தானாம். வயதானதும் கண் மங்கிவிட்டது. பொடித் திருகாணிகளை அவன் பெண்டாட்டி போட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து மூடிக்குள் தன் பெயரோடு அவள் பெயரின் முதல் எழுத்தையும் வெட்டினானாம். இதைச் சொல்லும்போது மட்டும் கோவிந்தன் குரல் மாறும். “பாருங்க மச்சான், ரெண்டாவதா ஒரு எழுத்து தனியா நிக்குது, அது அந்த அம்மா” என்று மூடியைத் திறந்து காட்டுவான். “உன் பேரை வெட்டினா நம்ம வீட்டுல நாலு எழுத்துல அடங்காதுடா, உன் வாய் அவ்வளவு நீளம்” என்று நான் சொல்வேன். ஆனால் அந்தக் கதை எனக்கும் பிடிக்கும்.

மூடிக்குள் வட்டமாக வெட்டின ஒரு காகிதமும் இருந்தது. ஆசாரி அச்சடித்து வைத்தது. ‘முள்ளை முன்பக்கமாக மட்டும் திருப்பு, பின்பக்கமாக ஒருபோதும் திருப்பாதே’ என்று அதில் இருப்பதாகக் கிராணி படித்துச் சொன்னார். கோவிந்தனுக்கு அது வேதம். காலையில் ஆள் கூப்பிடத் தண்டவாளத் துண்டை அடிக்கிறவன்கூட அவனைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பான். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் நேரம் குறிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். நீ பிறந்த நேரத்தைச் சொன்னதும் அந்தக் கடிகாரம்தான். கோவிந்தன் நேரம் தப்பினான் என்று யாராவது சொன்னால், சூரியன் மேற்கே உதித்தது என்று சொன்ன மாதிரி சிரிப்பார்கள். இதை நீ மனதில் வைத்துக்கொள். அவனைக் கட்டின கயிறே அதுதான்.

பிறகு கித்தா விலை விழுந்த வருஷம் வந்தது. உனக்கு அப்போது பதினாலு வயது, உனக்கே ஞாபகம் இருக்கும். பாதி மரத்தில் பால் வெட்டாமல் விட்டார்கள். ஆளைக் குறைத்தார்கள். சர்க்கார் செலவிலேயே ஊருக்கு அனுப்புகிறோம் என்று பெயர் எழுதினார்கள். புகைக்கூடத்தில் புகையே இல்லாதபோது புகைக்கூடத்துக்காரன் எதற்கு? கோவிந்தன், அஞ்சலை, ஒன்பது வயதுப் பாக்கியம், மூன்று பேருக்கும் ஒரே பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். பத்து பாகாட் என்கிற ஆற்றுத் துறையில் காலை பத்து மணிக்குச் சின்னக் கப்பல், அதில் சிங்கப்பூர் போய், மறுநாள் அங்கேயிருந்து நாகப்பட்டினத்துக்குப் பெரிய கப்பல்.

போவதற்கு ஒரு மாதம் முன்னால் அவன் எனக்குப் பெரிய கேலி ஒன்று செய்திருந்தான். நான் காளியம்மனுக்குக் கிடா வெட்டி விருந்து போடுகிறேன் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்பது பேர் தட்டோடு நம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் இருந்தது கருவாட்டுக் குழம்பு. உன் அம்மா விளக்குமாற்றோடு நான் போன பக்கமெல்லாம் வந்தாள். “அலமாக், கிடா ஓடிப் போச்சா மச்சான்?” என்று கேட்டு அவன் தரையில் உருண்டு சிரித்தான். அதற்குப் பதில் செய்யாமல் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டால் நான் என்ன மச்சான்? அவன் போய்விட்டால் பிறகு யாரை நான் கேலி பண்ணுவேன்? இதைத்தான் மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பிரிவை நினைத்து அழவேண்டியவன், எப்படிக் கேலி செய்யலாம் என்று யோசித்தேன்.

புறப்படுகிற அன்று காலையில் கோவிந்தன் குளிக்கப் போயிருந்தான். அஞ்சலை சாக்கை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் பாயில் இருந்தது. “தங்கச்சி, உனக்குக் கை வேலையா இருக்கு, சாவியக் குடு, இன்னிக்கு நான் குடுத்து வைக்கிறேன்” என்றேன். அவள் தலையைக் குனிந்து, ஊக்கைத் திறந்து, சாவியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பின்மூடியில் சாவி கொடுத்தேன். அப்புறம் அவள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கி, முள்ளைப் பின்பக்கமாக அரைமணி திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. சாவியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், அவள் மறுபடியும் கயிற்றில் மாட்டிக்கொண்டாள்.

என் திட்டம் என்னவென்று சொல்கிறேன், கேட்டால் நீ துப்புவாய். பத்து வருஷம் கித்தாத் தகடு ஏற்றிக்கொண்டு அந்தத் துறைக்கு மாட்டு வண்டி ஓட்டியவன் நான். கப்பல் கிளம்ப அரைமணி இருக்கும்போது முதல் சங்கு, கால்மணி இருக்கும்போது இரண்டாவது, கயிறு அவிழ்க்கும்போது மூன்றாவது. ஒரு நாளும் மாறாது. முதல் சங்கு ஊதும்போது கோவிந்தன் கடிகாரம் ஒன்பதுதான் காட்டும். வேதமே பொய்யானது மாதிரி அவன் முழிக்கிற முழியைப் பார்க்கவேண்டும். வேட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் துறை மேல் ஓட, பின்னால் நான் சிரித்துக்கொண்டே ஓடி, ஏணி மேல் நிறுத்தி, “கிடா ஓடுது பாரு” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். அதற்காகத்தான்.

அஞ்சலையையும் பாக்கியத்தையும் மூட்டையோடு கப்பலில் உட்காரவைத்தோம். பாஸ் அவள் முந்தானையில் முடிந்திருந்தது. “வாடா, கடைசியா ஒரு கோப்பி குடிக்கலாம்” என்று அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அவன் கடிகாரத்தைப் பார்த்து, “நேரம் கெடக்கு மச்சான்” என்றான். பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கவேண்டும் என்றான். கோப்பிக்கடையில் உட்கார்ந்தோம். ஊருக்குப் போனதும் முதலில் என்ன செய்வான் என்று கேட்டேன். “ஒங்க தொல்லை இல்லாம தூங்குவேன்” என்றான். அப்புறம் கோப்பியைச் சுழற்றிக்கொண்டே, “நீங்களும் வந்துடுங்க மச்சான், அங்க யாரு இருக்கா எனக்கு வம்பு பண்ண” என்றான். நான் சங்குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் சொன்னது பாதிதான் என் காதில் விழுந்தது. எனக்கென்று கடிகாரம் கிடையாது. அவன் கடிகாரத்தைப் பார்த்து அரைமணி கூட்டிக்கொண்டிருந்தால் போதும், ஆனால் சிரிப்பை அடக்குகிறதிலேயே என் புத்தி போய்விட்டது.

அன்று முதல் சங்கும் ஊதவில்லை, இரண்டாவது சங்கும் ஊதவில்லை. ஆற்றில் தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்ததாம். முகத்துவாரத்து மணல் தட்டிவிடும் என்று கப்பல்காரன் அவசரப்பட்டு, ஒரே ஒரு சங்கை ஊதிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். அந்த ஒரு சங்கை நான் முதல் சங்கு என்று நினைத்தேன்! கோவிந்தன் திடுக்கிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். “ஒம்போதரைகூட ஆவலயே, இப்ப எதுக்கு ஊதுறான்?” நான் அடக்கின சிரிப்பெல்லாம் அப்போதுதான் வெடித்தது. ஓடினோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு துறை முனைக்கு வந்தபோது கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இருபது முழம் தண்ணீர். அவன் கடிகாரத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் நேரம் இருக்கு! இங்க பாருங்க, நேரம் இருக்கு!” என்று கப்பலைப் பார்த்துக் கத்தினான். கப்பல் இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நான் பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் மகனே, அப்போதும் சிரித்தேன். கப்பல் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேனா, என்ன நினைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாய் பாட்டுக்குச் சிரித்தது. சம்பான் படகு ஓட்டும் ஒரு மலாய்க்காரனைப் பிடித்து இழுத்தோம். “ஆயர் சூருட், தண்ணி இறங்குது, பிடிக்க முடியாது” என்று கையை விரித்துவிட்டான்.

அன்றே லாரியில் தொற்றி ஜொகூர் போய், பாலம் கடந்து, மறுநாள் பொழுது சாய சிங்கப்பூர்த் துறைக்குப் போனோம். நாகப்பட்டினம் கப்பல் காலையிலேயே போயிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த கிராணி ஏட்டைப் பார்த்து, பாஸில் மூன்று பேர், ஏறினது இரண்டு பேர், நீ வராதவன் என்று எழுதியாயிற்று, இனி புதிதாக மனுப் போட்டு முறை வரும்வரை காத்திரு என்றார். கோவிந்தன் நம் வீட்டுக்கே வந்தான். அந்த ஏழு வாரம் அவன் நம் அறையில் படுத்திருந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. வந்த மூன்றாம் நாள் அவன் பத்து பாகாட் போய், கடிகாரம் பழுதுபார்க்கிற சீன முதலாளி, தவுக்கே என்பார்களே, அவரிடம் அதைக் கொடுத்தான். சாவி அஞ்சலையோடு போய்விட்டதால் அது நின்றுபோயிருந்தது. தவுக்கே வேறு சாவி போட்டு மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தார். வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். தவுக்கே ஒற்றைக் கண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “ஜாம் பாயிக், லா. ஒராங் தா பாயிக்.” கடிகாரம் நல்லாத்தான் இருக்கு, மனுசன்தான் சரியில்லை என்று. அவர் விளையாட்டுக்குச் சொன்னது. என் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது வண்டியில் கோவிந்தன் கடிகார மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். யோங் பெங் தாண்டினதும், “அந்த ஒரு நாள் மட்டும் ஏன் மச்சான்?” என்றான். “பனியில மூணு நாள் நடந்தவன், பொண்டாட்டி எழுத்தை வெட்டினவன், என் பொண்டாட்டியப் பிரிச்சிட்டானே. நான் அவனுக்கு என்ன செஞ்சேன்?” அவன் ஆசாரியைத் திட்டினான். எந்தச் சீமையிலோ மண்ணாகிப்போன ஒரு நல்ல வேலைக்காரனை, உன் மாமன் என் காது கேட்க, என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, பாவி என்றான். மாட்டை ஓட்டிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். என்னை இரண்டு அறை அறைந்திருப்பான், வண்டியை விட்டு இறங்கி நடந்திருப்பான், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பான். அவன் மனசாவது அடங்கியிருக்கும். புதுப் பாஸ் வரட்டும், கையில் கொடுத்துவிட்டுச் சொன்னால் அவனும் சிரித்துவிடுவான் என்று தள்ளிப்போட்டேன். இதையும் கேலியாகவே முடித்துவிடலாம் என்று எனக்கு ஆசை. மகனே, நீ ஒரு தப்புச் செய்தால், அதைச் சொல்ல நல்ல நேரம் வரும் என்று காத்திருக்காதே. அந்த நேரத்தில் எதிரே ஆள் இருக்கமாட்டான்.

அவனுக்கு எழுத்துத் தெரியாது. அஞ்சலைக்குக் கடிதம் எழுத என்னைத்தான் கேட்டான். ‘கடிகாரம் ஏமாற்றிவிட்டது, நான் பின்னாலேயே வருகிறேன்’ என்று அவன் சொல்ல, நான் இந்தக் கையால் எழுதினேன். ஐந்தாவது வாரம் அவனுக்குக் காட்டுக் காய்ச்சல் கண்டது. நீதான் கஞ்சி ஊட்டினாய். ஏழாவது வாரம் அஞ்சலையின் பதில் வந்தது, யாரிடமோ சொல்லி எழுதியது. பாயில் கிடந்தவன், “படிங்க மச்சான்” என்றான். பிரித்தேன். அதில் இருந்தது இது: ‘ஊருக்கே நேரம் சொன்னவருக்குத் தன் கப்பல் நேரம் மட்டும் தெரியாமல் போனதா? கடிகாரத்தின் மேல் பழி போடவேண்டாம். நீங்கள் கரையில் நின்று கையைத் தூக்கி வழியனுப்பினதையும், அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்ததையும் என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரும் பேசி வைத்துச் செய்தது. யாரோடு இருக்கிறீர்களோ இருங்கள். தாலியை இங்கே வந்த மறுநாளே கழற்றிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.’ நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, “பாக்கியம் ஒங்களையே கேட்டுக்கிட்டு இருக்கா, கூரைய மாத்திட்டேன், ஒடம்பப் பாத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க” என்று படித்தேன். “கூரைய மாத்திட்டாளா? கெட்டிக்காரி” என்றான். முகம் தெளிந்துவிட்டது. இரண்டாம் நாள் செத்துப் போய்விட்டான். நான் ஆயுசில் சொன்ன பொய்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு வெட்கம் இல்லை. மற்றதுக்கெல்லாம் சேர்த்து வெட்கம் இருக்கிறது.

அவன் போனதை எழுதினேன். அவன் ஏன் கப்பலை விட்டான் என்பதை எழுதவில்லை. உன் அம்மா, “எங்கண்ணன் சிங்கப்பூர் வரைக்கும் ஓடினாருன்னு எழுதுங்க” என்றாள். அதை எழுதினேன். அஞ்சலை நம்பவில்லை. எப்படி நம்புவாள்? அவன் நேரம் தப்பமாட்டான் என்பதற்கு ஒரு தோட்டமே சாட்சி. கப்பலில் கூட வந்த சனம் ஊர் போய், அவன் இங்கே ஒருத்தியை வைத்திருந்தான் என்று கதை கட்டியது. எட்டு வருஷமாகப் பாக்கியம் ஓடிப்போனவன் மகள். மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, இதைச் சொல்லித் திரும்பிப் போனார்கள். உன் அம்மா மனசு பொறுக்காமல், “எங்கண்ணன் மகளை என் புள்ள கட்டுவான்” என்றாள், நீயும் சரி என்றாய். அன்று நீ தலையை ஆட்டினபோது எனக்குப் பெருமையாக இருந்திருக்கவேண்டும். நான் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். அஞ்சலை போன கடிதத்தில் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? ‘பழசையெல்லாம் மறந்து எங்களைக் கைதூக்கிவிடும் அண்ணனுக்கு’ என்று எழுதியிருந்தாள். நான் கைதூக்கிவிடுகிறேனாம்.

அந்தக் கடிகாரம் உன் பெட்டியில் அடியில், உன் அம்மா வைத்த பட்டுப் புடவைக்குக் கீழே இருக்கிறது. அதை அத்தையிடம் கொடு. ஆசாரி மேல் பழி இல்லை என்றும் சொல். சீமையில் அவனுக்கு யாரும் இல்லாவிட்டாலும் எங்காவது ஒரு இடத்தில் சொல்லி வைக்கவேண்டும். அப்புறம், பந்தல் போடுவதற்கு முன்னால், பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால், அத்தையையும் பாக்கியத்தையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முழுதும் படி. நான் பாயில் கிடந்தவனுக்குப் படித்த மாதிரி மாற்றிப் படிக்காதே. சாவியை நான் கேட்டு வாங்கின இடத்தில் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி. தன் கையால் கொடுத்தோமே என்று அவள் அடித்துக்கொள்வாள். கேட்டது நான், திருப்பினது நான், அவள் புருசனின் கடிகாரத்துக்குச் சாவிதான் கொடுத்தாள் என்று இரண்டு தடவை சொல்.

இதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் உனக்குப் பெண் கிடைக்குமா என்று தெரியாது. பெரும்பாலும் கிடைக்காது. ‘உன் அப்பன் சிரித்த சிரிப்பை மறக்கமுடியாது, எழுந்து போ’ என்று அத்தை சொன்னால் வாதாடாதே, எழுந்துவிடு. பாக்கியத்தை நிமிர்ந்து பார்த்து மன்னிப்புக்கூடக் கேட்காதே, அது நான் கேட்கவேண்டியது, கேட்டாலும் அவள் கொடுக்கவேண்டியதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டதால் என் மனம் லேசாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. எட்டு வருஷம் அந்தப் பெண் சுமந்ததை நான் இரண்டு முழக் காகிதத்தில் எப்படி இறக்குவேன்? அவளுக்கு இனி ஒன்று மட்டும் கிடைக்கும். பத்திரிகை யாரோடு அடித்தாலும், எந்த மாப்பிள்ளைக்கு அடித்தாலும், பெண் பக்கத்தில் ‘கோவிந்தன் மகள்’ என்று போடலாம். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. உன் கல்யாணத்தைக் கொடுத்து அதை வாங்கச் சொல்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையை எடுத்துக் கொடுக்கிறேன், அதற்கும் சேர்த்து என்னை வெறுத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீ போன பிறகு சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுக்கும்போது நினைத்திருந்தேன். எழுதி வந்ததைத் திரும்பிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் நான் பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்திருக்கிறேன். இப்போது அவள் முறுக்குச் சுட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசல்படியில் நிற்கிறாள். “மத்தியானத்துலேருந்து எழுதுறீங்க, அப்படி என்னதான் புத்தி சொல்றீங்க புள்ளைக்கு? ஒங்ககிட்ட அவ்வளவு இருக்கா?” என்று சிரிக்கிறாள். நான் என்னமோ சொல்லப் போகிறேன் என்று, கேட்பதற்கு முன்னாலேயே சிரிக்கிறாள், பாவம். பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்லியிருக்கிறேன். உட்காருகிறாள்.

அப்பா